அக்கா பதில்கள்: அமெரிக்க சம்மர் கேம்ப்பில் பிள்ளை பார்க்கப் போகலாமா?

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நான் இருபத்திரண்டு வயதில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை கேம்ப்பில் கோடை முழுக்க வேலை பார்த்ததை நாலு வரி எழுதிவிட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதமா! பாதிப் பேர் விசா பற்றிக் கேட்கிறார்கள், மீதியில் பெரும்பாலோர் சம்பளம் பற்றி. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். நீளமான பதில் அவருக்குத்தான், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. அமெரிக்க கேம்ப்களில் 'கவுன்சிலர்' வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் பார்த்தேன். "அது ஆயா வேலைம்மா, அதுக்கா உன்னைப் படிக்க வைக்கிறேன்?" என்கிறார் அப்பா. உண்மையில் என்ன வேலை அது?

பதில்: அப்பா சொல்வதில் பாதி உண்மை. கவுன்சிலர் என்றதும் நாற்காலியில் சாய்ந்து ஆலோசனை சொல்கிறவர் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகளோடு ஒரே மரக்குடிலில் (கேபின் என்பார்கள்) தூங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, அவர்கள் பல் தேய்த்தார்களா, நேற்றுப் போட்ட ஈரக் காலுறையையே இன்றும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறவர்தான் கவுன்சிலர். நடுவில் ஒரு மணி நேரம் வில்வித்தையோ மண்பாண்டமோ நாடகமோ சொல்லித் தரவும் வேண்டும்.

அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கு மேல். பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய்த் தங்க வைக்கும் வழக்கம் பழையது. 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரெடரிக் கன் என்ற பள்ளி நடத்துநர் தன் மாணவர்களை நடையாய் நடத்திக் கடலோரம் அழைத்துப்போய் இரண்டு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தார். அதைத்தான் முதல் கேம்ப் என்பார்கள்.

என் கேபினில் எட்டுப் பெண்கள், எல்லோருக்கும் ஒன்பது பத்து வயது. கேம்ப்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் வைத்திருக்கும் கணக்கும் அதுதான்: தங்கும் கேம்ப்பில் ஒன்பது முதல் பதினான்கு வயது வரை எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர். காலையில் மணி அடித்ததும் எழுப்ப வேண்டும். எட்டுப் பேரில் இரண்டு பேர் எழவே மாட்டார்கள், ஒருத்தி அஞ்சு மணிக்கே எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரவு படுக்க வைப்பது அதைவிடக் கஷ்டம். ஜூன் கடைசியில் மெய்னில் எட்டரை மணி வரை சூரியன் அடங்காது. "இன்னும் பகல்தானே, எதுக்குப் படுக்கணும்?" என்ற கேள்விக்கு என்னிடம் கடைசிவரை பதில் இருக்கவில்லை.

அப்பாவிடம் இதை மட்டும் சொல். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் 'கேம்ப் கவுன்சிலர்' பிரிவில் வருகிறவரைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ துப்புரவுக்கோ அலுவலக வேலைக்கோ வைக்கக் கூடாது என்று அமெரிக்க விதியிலேயே எழுதியிருக்கிறது. கேம்ப் சமையற்கட்டில் வேலை செய்யும் வெளிநாட்டு மாணவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் வருவது 'சம்மர் வொர்க் டிராவல்' என்ற வேறு பிரிவில். உனக்கு வரும் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று முதலில் பார். மற்றபடி, உன் எட்டுப் பேர் மேஜையில் சிந்துவதை நீதான் துடைக்க வேண்டும். அதற்கு விதி ஒன்றும் கிடையாது.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. நீச்சல் தெரியாது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: பதினெட்டு முடியாமல் முடியாது. நீச்சல் விஷயம் அப்படியில்லை, எனக்கே தெரியாது. மண்பாண்டக் கொட்டகையில் போட்டார்கள். லைஃப்கார்டு வேலைக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏரிக்கரையில் காவல் நிற்கும் முறை எல்லோருக்கும் வரும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்துத்தான் தண்ணீரில் விடுவார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை விசில். விசில் கேட்டதும் சோடிகள் கைகோத்துத் தூக்க வேண்டும், நாங்கள் எண்ண வேண்டும். ஒரு நாள் ஒரு கை குறைந்தது. அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை போன அந்த மூன்று நிமிடம் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, நீச்சல் கற்றுக்கொள்.

கேள்வி: ஒரு கோடையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பதில்: மிச்சமே இருக்காது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். 2007-ல் ஒன்பது வாரத்துக்கு எனக்குக் கிடைத்தது 1,200 டாலர். சாப்பாடும் படுக்கையும் அவர்களுடையது. ஒரு ராத்திரி தபால் அட்டையின் பின்பக்கத்தில் அதை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இது சட்டத்துக்குப் புறம்பா என்றால், இல்லை. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். ஆனால் ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேம்ப்களுக்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. அதனால்தான் பல கேம்ப்கள் மணிக்கூலி பேசுவதில்லை, சீசனுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுகின்றன. உங்கள் பக்கம் நிற்கிற விதி வேறொன்று: அதே வேலை செய்யும் அமெரிக்க கவுன்சிலருக்கு என்ன தருகிறார்களோ அதற்கு ஈடாக வெளிநாட்டவருக்கும் தர வேண்டும். பக்கத்துக் கேபின்காரரிடம் அவருடைய சம்பளத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவுப் பக்கம்: ஏஜென்சிக் கட்டணம், விமான டிக்கெட், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், செவிஸ் என்ற பதிவுக் கட்டணம் கேம்ப் கவுன்சிலருக்கு 35 டாலர். இதில் எது உங்கள் கையிலிருந்து, எது அவர்கள் தருவது, பேசிய தொகை வரிக்கு முன்பா பின்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். முதல் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கு), மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கு) என்று இரண்டு பிடித்தம் இருந்தால் உடனே அலுவலகத்துக்குப் போங்கள், ஜே-1-ல் வந்து ஒரு கோடை மட்டும் இருப்பவருக்கு அந்த இரண்டும் கிடையாது. வருமான வரி உண்டு. மறு ஆண்டு ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் என்ற வரிப் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளமும் பிடித்த வரியும் காட்டி கேம்ப் அனுப்பும் டபிள்யூ-2 சீட்டு வந்து சேர வேண்டுமே என்றால், உங்கள் முகவரியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நான் அவசரத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு அலைந்தேன்.

கேள்வி: மகள் போக ஆசைப்படுகிறாள். அங்கே ஏதாவது என்றால் யாரைக் கேட்பது? யார் பொறுப்பு? தகப்பனாக எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில்: ஐயா, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பொறுப்பு ஸ்பான்சருக்கு. ஜே-1 விசாவுக்கு கேம்ப் நேரடியாக ஆள் கூப்பிட்டால் போதாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் அமைப்பு நடுவில் இருக்க வேண்டும். அவர்கள்தான் மகளை நேர்காணல் செய்வார்கள், விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தருவார்கள், போன பிறகும் தொடர்பில் இருப்பார்கள். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் இருக்கிறது. உங்களிடம் பணம் கேட்கும் ஏஜென்சி எந்த ஸ்பான்சருக்காக ஆள் எடுக்கிறது என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை தாங்க வேண்டும், உங்கள் கையிலிருந்து போகும் முதல் பங்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டை கேம்ப் வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. பத்திரமாகப் பூட்டிவைக்கப் பெட்டி தருவார்கள், அது நல்லதுதான். ஆனால் கேட்டால் அப்போதே கைக்கு வர வேண்டும். விசா நேர்காணலில் தொழிலாளர் உரிமைகள் பற்றி ஒரு சிறு பிரசுரம் தருவார்கள், 2008-ல் வந்த சட்டத்தின்படி. எல்லோரும் அதை மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறார்கள். உதவி எண்கள் அதில்தான் இருக்கின்றன. மகளோடு நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று, நேரம். 2025 மே கடைசியில் மாணவர், பரிமாற்ற விசாக்களுக்குப் புதிதாக நேர்காணல் நாள் கொடுப்பதை மூன்று வாரம்போல நிறுத்திவைத்தார்கள். திரும்பத் தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தன் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கேம்ப்கள் ஜூன் மத்தியிலேயே தொடங்கிவிடும். கடைசி நேரத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கோடை போயிற்று. முந்தைய ஆண்டு முடியும் முன்பே விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

கேள்வி: அக்கா, இப்போது கேம்ப்பில்தான் இருக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று, பிடிக்கவில்லை. வேறு மாநிலத்தில் மாமாவின் கடையில் உதவிக்கு ஆள் வேண்டுமாம். போய்விடலாமா?

பதில்: போகாதே தம்பி. உன் விசா அந்த கேம்ப்புக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான். ஸ்பான்சருக்குச் சொல்லாமல் கிளம்பினால் உன் திட்டத்தை ரத்து செய்துவிடுவார்கள். கடையில் வாங்கும் ஒவ்வொரு டாலரும் விசா மீறல். அடுத்த விசாவுக்கு ஜன்னல் முன்னால் நிற்கும்போது அது வந்து நிற்கும்.

ஆனால் பிடிக்காததற்குக் காரணம் என்ன என்று நீ எழுதவில்லை. பிள்ளைகள் படுத்துகிறார்கள் என்றால், நாலாவது வாரம் கொஞ்சம் அடங்குவார்கள். நிர்வாகம் படுத்துகிறது என்றால் ஸ்பான்சருக்குப் போன் போடு. அதற்குத்தான் அவர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறாய். என் இரண்டாவது கோடையில் வேறொரு கேம்ப், பெயர் வேண்டாம். சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்று என்னைச் சமையற்கட்டில் நிறுத்தினார்கள். ஒரு நாள் சரி, மனிதாபிமானம். நாலாவது நாளும் பெரிய பெரிய தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வு நேரத்தில் ஸ்பான்சருக்குப் பேசினேன். சண்டை போடவில்லை, எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் என்று குறித்து வைத்திருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலை நான் கேபினில் இருந்தேன். நீயும் குறித்து வை.

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன், இந்தக் கோடையில் போகிறேன். எனக்கு விசாவும் பணமும் கவலையில்லை. ராத்திரியில் ஒரு குழந்தை வீட்டை நினைத்து அழுதால் என்ன செய்வது?

பதில்: வாம்மா. உனக்காகத்தான் இந்தப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.

முதல் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஏரியிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ தூரத்தில் நின்று ஓலமிடுவது போல, நீளமாக. எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் உடம்பு சில்லிட்டுப் போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அது லூன் என்ற நீர்ப்பறவை, மெய்ன் ஏரிகளில் சகஜம் என்று மறுநாள்தான் தெரிந்தது. மற்றவர்கள் திரும்பப் படுத்தார்கள். ஜன்னலோரம் மேல்கட்டிலில் இருந்த ஒன்பது வயதுக்காரி மட்டும் படுக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறார், பிடிக்காவிட்டால்" என்றாள்.

இதுதான் ஆபத்தான வாக்கு. நல்ல எண்ணத்தில்தான் பெற்றோர் சொல்கிறார்கள். ஆனால் பிடிக்காவிட்டால் வருகிறேன் என்றால், பிடிக்காமல் இருப்பதே பிள்ளைக்கு வேலையாகிவிடுகிறது. உன்னால் முடியும் என்று வீட்டிலேயே நம்பவில்லை என்றும் அது எடுத்துக்கொள்கிறது. நீ அந்த வாக்கைக் கொடுக்காதே. பெற்றோர் கொடுத்திருந்தால் தலைமைக் கவுன்சிலரிடம் சொல், வீட்டுக்குப் பேசுவது அவர்கள் பாடு. போன் கொடுத்து அம்மா குரலைக் கேட்க வைத்தால் அடங்கிவிடும் என்று தோன்றும். பெரும்பாலான கேம்ப்களில் போன் கிடையாது, அதில் நியாயம் இருக்கிறது. குரல் கேட்டதும் இன்னும் பெரிதாக அழும். கடிதம் எழுதச் சொல்.

"வீட்டை நினைக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதே. நினைக்காதே என்றால் நினைப்பு போய்விடுமா? நான் எதிர்மாறாகக் கேட்டேன்: உன் நாய் எங்கே தூங்கும், நீ இல்லாதபோது அதற்கு யார் சாப்பாடு வைப்பார்கள்? கேபின் கதவைத் திறந்துவைத்து, மற்றவர்கள் பார்வையில் படும்படி வாசல்படியில் உட்கார்ந்துதான் பேசினோம். எந்தப் பிள்ளையோடும் மறைவாகத் தனியே இருக்கக் கூடாது என்பது பயிற்சி வாரத்தில் முதல் நாளே சொல்லித் தரும் விதி. பிள்ளைக்கும் அது பாதுகாப்பு, உனக்கும்.

அப்புறம் அவளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. யாருக்கும் வரவில்லை, இரண்டாம் நாளே நான் 'லாலா' ஆகிவிட்டிருந்தேன். அமெரிக்கர்கள் 'ர்' சொல்லும்போது நாக்கு மேலே எங்கும் தொடாமல் உள்ளே சுருளும். அதை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தால் நம் 'ழ' வந்துவிடும், கிட்டத்தட்ட. இதை அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தேன். "மற்ற ஏழு பேருக்கும் நீதான் டீச்சர்" என்றேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் கேபினிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளுக்கு ஞாயிறு என்பதே ஞாபகம் இல்லை. புதன்கிழமை திரும்ப அழுதாள். அப்படித்தான் இருக்கும், ஒரேயடியாக நிற்காது. மழை நாளில், படுக்கும் நேரத்தில், யாருக்காவது பார்சல் வந்து தனக்கு வராத நாளில் திரும்ப வரும்.

கட்டிலை நனைக்கும் பிள்ளை ஒன்றாவது உன் கேபினில் இருக்கும். மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு விரிப்பை மாற்றிவிடு. அந்தப் பிள்ளையிடம்கூட அதைப் பற்றிப் பேசாதே. என் கேபினில் ஒருத்தி கடைசி நாளில், "என் விரிப்பு தினமும் புதிதாக இருந்தது, எப்படி?" என்று கேட்டாள். கேம்ப் வழக்கம் என்றேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைவலி என்றாலும் உன் பையிலிருந்து மாத்திரை கொடுக்காதே, எல்லா மருந்தும் நர்ஸ் கையால்தான். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, ஒவ்வாமை வந்தால் போட யாருக்கு அவசர ஊசி வைத்திருக்கிறது என்பதைப் பெயர்களுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடு. உனக்கும் வீட்டு நினைப்பு வரும், மூன்றாவது வாரம்போல. ஓய்வு நாளில் அழுதுவிட்டு வா. கேபினில் அழுதால் எட்டுப் பேரும் சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: கேம்ப் முடிந்ததும் ஊர் சுற்றலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: திட்டம் முடிந்த தேதியிலிருந்து 30 நாள் அமெரிக்காவுக்குள் சுற்றலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. நடுவில் வெளியே போனால் அந்த 30 நாளைக் காட்டித் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் அருவியைப் பார்க்க நயாகரா போனால் பாலத்தைத் தாண்டிக் கனடா பக்கம் போய்விடாதீர்கள். கேம்ப் இருக்கும்போதே நியூயார்க் பார்த்துவிடலாம் என்று கனவு காண்பவர்களுக்கு: வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலே அதிகம். அந்த நாளில் நான் பெரும்பாலும் துணி துவைத்துவிட்டுத் தூங்கினேன்.

எடுத்துப் போக: நல்ல மழைக்கோட்டு, டார்ச், அழுக்கானால் வருத்தப்படாத உடுப்பு, வெளிர் நிறத்தில் நீளமான காலுறை. காலுறை எதற்கென்றால் உண்ணி. லைம் நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரின் பெயர்தான் அதற்கு. பொதுவாக உண்ணி ஒட்டி ஒரு நாளாவது ஆனால்தான் நோய் தொற்றும். தினமும் மாலையில் முழங்காலின் பின்புறம், காதோரம், தலைமயிர் எல்லாம் தடவிப் பார்ப்பது அதற்காகத்தான். பிள்ளைகளுக்குப் பார்த்துவிட்டு உங்களுக்குப் பார்க்க மறந்துவிடுவீர்கள்.

அப்புறம் ஓர் அலாரம் கடிகாரம். சாவி கொடுப்பதோ பேட்டரி போடுவதோ, எதுவானாலும் சரி. போனை அலுவலகப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வாரம் முழுக்க, அஞ்சு மணிக்கு எழுந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் என்னை எழுப்பிவிட்டாள்.